பூவை முகராத வீடு

எங்கள் வீட்டில் யாரும் பூவை முகர்ந்து பார்ப்பதில்லை. அப்பா பூ வியாபாரி என்பதுதான் அதற்குக் காரணம்.

தேக்காவில் ஒரு கடிகாரக் கடைக்கு முன்னால், ஐந்தடி நடைபாதையில் போட்ட நீள மேசையும், அதற்கு மேலே வரிசையாகத் தொங்கிய கொக்கிகளும்தான் எங்கள் கடை. விடியும் முன்பே ஜொகூர் பாலத்தைத் தாண்டி, உட்லண்ட்ஸ் வழியாக லாரியில் மல்லிகை வந்துவிடும். நாள் முழுவதும் அந்தக் குவியலின் நடுவில் உட்கார்ந்திருந்த என் பெற்றோர் ஒரு மொட்டைக்கூட மூக்கருகே கொண்டுபோய் நான் பார்த்ததில்லை. சாமிக்குப் போகிற பூவை மனிதன் முகர்ந்துவிட்டால் அது எச்சில். அப்பாவுக்கு இதில் இரண்டாம் பேச்சு கிடையாது. எனக்குச் சளி பிடித்திருந்தால், மூக்கை உறிஞ்சுகிற சாக்கில் முகர்ந்துவிடுவேன் என்று கடைப் பக்கமே விடமாட்டார்.

ஒரு நாள் ஒரு வெள்ளைக்காரச் சுற்றுலாப் பெண்மணி, கொக்கியில் தொங்கிய ரோஜா மாலைக்குள் முகத்தையே புதைத்துக்கொண்டு கண்களை மூடி நின்றார். அப்பா சிரித்த முகம் மாறாமல் கைகளைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். அந்தப் பெண்மணி போனதும் மாலையைக் கழற்றி வேறு கொக்கிக்கு மாற்றினார். அது ஒரு கல்யாணத்துக்குப் போனது. கோயிலுக்குப் போக வேண்டிய மாலை மாப்பிள்ளை கழுத்துக்குப் போனதில் அப்பாவுக்கு வருத்தம்தான். மாப்பிள்ளை வீட்டார் யாரிடமும் அதைச் சொல்லவில்லை.

அப்படிப்பட்ட வீட்டிலிருந்துதான் என் அத்தை வாசனைத் திரவியம் விற்கப் போனாள்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. எங்களோடு புக்கிட் மேராவில் மூவறை வீட்டில் இருந்தாள். படிப்பு முடிந்து, கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த வயது. ஆர்ச்சர்ட் சாலையில் ஒரு பெரிய பேரங்காடியில் பரிசுப் பொருள்களுக்குப் பொட்டலம் கட்டும் வேலைக்குத்தான் முதலில் சேர்ந்தாள். சிறு வயதிலிருந்து பூத்தொடுத்த விரல்கள் அல்லவா, அவள் போடும் ரிப்பன் முடிச்சு மற்றவர்களுடையதைப் போல் இருக்காது. அதைப் பார்த்துத்தான் வாசனைத் திரவியப் பிரிவின் தலைவியான சீனப் பெண்மணி அவளைத் தன் பிரிவுக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார். சில மாதங்கள் பழக வேண்டும், முடிவில் ஒரு பரீட்சை. தேறினால் அங்கேயே நிரந்தரம். தேறாவிட்டால் மறுபடியும் ரிப்பன்.

வீட்டில் இந்தச் செய்தியைச் சொன்னபோது அப்பா ஒரு மாதிரிப் புட்டியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்புறம் அச்சடித்திருந்த எழுத்துகளில் அவருக்குப் படிக்கத் தெரிந்தது ஆல்கஹால் என்ற ஒரு சொல்தான்.

"சாராயம்" என்றார்.

அம்மா அத்தையின் பக்கம் பேசினாள். யாரும் குடிக்கப் போவதில்லை, விற்கத்தான் போகிறாள் என்றாள். கடைசியில் அப்பா ஒப்புக்கொண்டார், ஆனால் நிபந்தனைகள் போட்டார். வேலை முடிந்து வந்தால் குளித்துவிட்டுத்தான் பூவைத் தொட வேண்டும். புட்டி எதுவும் கடைப்பக்கம் வரக் கூடாது.

"என்னைக்காவது ஒரு நாள், ஒரு பூவுல அந்த வாசம் ஏறுச்சுன்னு வை, அன்னைக்கோட வேலை நின்னுரும். அப்புறம் எங்கிட்ட வந்து அழக் கூடாது."

"சரிண்ணே" என்றாள் அத்தை. அவ்வளவு வேகமாக அவள் எதற்கும் சரி சொல்லி நான் கேட்டதில்லை.

அதன்பிறகு எங்கள் சின்ன அறையில் குறுக்கே ஒரு நூல் கட்டப்பட்டது. அதில் துணிக் கவ்விகள். ஒவ்வொரு கவ்வியிலும் விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளை அட்டைக் கீற்று. பேரங்காடியில், திரவியத்தில் நனைத்த கீற்றுகளைக் கொண்டுவந்து தொங்கவிட்டு, சாப்பிடும் முன் ஒரு தடவை, சாப்பிட்ட பின் ஒரு தடவை, காலையில் எழுந்ததும் ஒரு தடவை முகர்ந்து பார்ப்பாள். மூக்கு களைத்துவிட்டால் தன் முழங்கையின் உட்புறத்தை முகர்ந்துகொள்வாள். சொந்தத் தோலின் வாசம் மூக்கைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடுமாம். முகரவே கூடாத வீட்டில் ஒருத்தி நாள் முழுக்க முகர்ந்துகொண்டிருந்தாள். அம்மா பாத்திரம் துலக்கியபடி அதைப் பார்த்துச் சிரிப்பாள். ஒரு நாள் கதவைச் சாத்திவிட்டு அவளும் ஒரு கீற்றை முகர்ந்து பார்த்ததை நான் பார்த்தேன். அப்பாவிடம் சொல்லவில்லை.

பரீட்சைக்குப் பயிற்சி எடுக்க அத்தைக்கு ஒரு வாடிக்கையாளர் தேவைப்பட்டார். அது நான்தான். எனக்கு அப்போது பத்து வயது. அம்மாவின் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, ஜொகூரிலிருந்து வந்த ஒரு பணக்கார அம்மாளாக நாற்காலியில் உட்காருவேன்.

"வாங்க மேடம். வீட்டுக்காரர் என்ன பண்றார்?"

"டத்தோ" என்பேன். ஜொகூரில் சுல்தான் கொடுக்கும் பெரிய பட்டம் அது.

"டத்தோவா? அப்பப் பெரிய பாட்டிலாவே எடுத்துரலாம்."

கையை நீட்டச் சொல்லி மணிக்கட்டில் ஒரு சொட்டு வைப்பாள். நான் பெரிய மனுஷி போல இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துத் தேய்ப்பேன். உடனே என் கையைப் பிரித்துவிடுவாள்.

"தேய்க்காதீங்க மேடம். தேய்ச்சா தலை வாசம் நசுங்கிடும்."

"அது என்ன அத்தை, தலை வாசம்?"

"மேடம், கடையில என்னை அத்தைன்னு கூப்பிடக் கூடாது."

ஆங்கிலத்தில் அவளுக்கு எல்லாம் மனப்பாடம். ஆனால் தமிழில் சொல்லிப் பார்த்தால்தான் தனக்கே புரிகிறது என்பாள். டாப் நோட்டைத் தலை வாசம் ஆக்கியது அவள்தான். அடுத்தது நெஞ்சு வாசம், கடைசியில் அடி வாசம். ஒரு புட்டியில் இருப்பது ஒரே வாசம் இல்லை, பல வாசங்கள் ஒன்றாக அடைபட்டிருக்கின்றன, திறந்ததும் ஒவ்வொன்றும் தன் தன் நேரத்துக்கு வந்துவிட்டுப் போகின்றன என்று டத்தோவின் மனைவிக்கு விளக்குவாள். திறந்ததும் வருவதை வைத்து மட்டும் வாங்கிவிடாதீர்கள், கையில் வைத்துக்கொண்டு கடையைச் சுற்றிவிட்டு வாருங்கள் என்று சொல்வாள். ஒருவர் நடந்து போன பின்னும் அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நிற்கிற வாசத்துக்குப் பிரெஞ்சில் ஒரு பெயர் இருப்பதாகச் சொல்லி, அதை உச்சரிக்கப் பத்து முறை முயன்று இருவரும் சிரித்தோம். வாசனைத் தைலம் அதிகமாகக் கலந்தால் ஒரு பெயர், குறைத்து நீர்க்கவிட்டால் வேறு பெயர், விலையும் அதன்படிதான் என்றும் சொன்னாள். டத்தோவின் மனைவிக்கு எப்போதும் கெட்டியானதுதான் வேண்டியிருந்தது.

ஒரு நாள் எனக்குப் புரியவே இல்லை என்று அடம்பிடித்தேன். அத்தை யோசித்துவிட்டு, மேடத்தை விட்டுவிட்டு என்னிடம் பேசினாள்.

"பஸ் மாதிரிடா. எல்லாரும் ஒண்ணாதான் ஏறுறாங்க. இந்த எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலு எல்லாம் அடுத்த ஸ்டாப்புலயே குதிச்சு இறங்கிடும். மல்லிகை, ரோஜா இருக்குல்ல, அது டவுன் வரைக்கும் வரும். கடைசி ஸ்டாப் வரைக்கும் ஒருத்தன் உக்காந்திருப்பான் பாரு..."

அதற்குள் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே பந்து தட்டும் சத்தம் கேட்டது. பையன்கள் என் பெயரைச் சொல்லிக் கூவினார்கள். நான் துண்டை நாற்காலியில் எறிந்துவிட்டு ஓடினேன். அந்த ஒருத்தன் யார் என்று கேட்கவில்லை. மல்லிகை வரைக்கும் எனக்குப் போதுமானதாக இருந்தது.

பரீட்சை ஒரு வெள்ளிக்கிழமை. அன்று காலையில் அத்தை நூலில் தொங்கிய கீற்றுகளை எல்லாம் கடைசியாக ஒரு முறை முகர்ந்துவிட்டுப் புறப்பட்டுப் போனாள். அவள் பயிற்சிக்காகக் கொண்டுவந்திருந்த சுண்டுவிரல் அளவுக் குப்பி ஒன்று அலமாரியில் இருந்தது. நடுவில் மல்லிகை வாசம் வருகிற திரவியம் அது. அதை நான் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். இடைவேளையில் பையன்களுக்கு மூடியை மட்டும் முகரக் கொடுத்தேன். தலை வாசம், நெஞ்சு வாசம் என்று விளக்கமும் சொன்னேன். அன்றைக்கு எனக்குப் பெரிய மரியாதை.

பள்ளி விட்டதும் வழக்கம்போல் தேக்காவுக்குப் பஸ் ஏறினேன். லாரி பாலத்தில் மாட்டிக்கொண்டு, காலையில் வர வேண்டிய மல்லிகை அப்போதுதான் வந்து இறங்கியிருந்தது. வெயிலில் வெந்து, மொட்டுகள் சோர்ந்து மஞ்சளித்துக் கிடந்தன. அன்று மாலை கோயிலில் விசேஷ பூஜை. உபயம், தேக்காவிலேயே மிளகாய் அரைக்கும் மில் வைத்திருந்த ஒரு பெரியவருடையது. எங்கள் கடைக்கு அவர்தான் நெடுநாள் வாடிக்கை. சாமிக்கு வேண்டிய மாலைகள் எல்லாம் எங்களிடமே சொல்லியிருந்தார்.

அம்மாவுக்குப் பக்கத்தில், வேலைக்குப் போகும் கவுன் அணிந்து, அத்தை தரையில் உட்கார்ந்து பூத்தொடுத்துக்கொண்டிருந்தாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு செய்தி சொல்ல ஓடி வந்தவள், குவியலைப் பார்த்ததும் கடிகாரக் கடைக்குப் பின்னால் இருந்த குழாயில் கையைச் சோப்புப் போட்டு முழங்கை வரை தேய்த்துக் கழுவிவிட்டு உட்கார்ந்துவிட்டாளாம். குளிக்க நேரம் இல்லை. அப்பாவும் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தார். அவ்வளவு அவசரம்.

என்னைப் பக்கத்தில் இழுத்து, "பாஸ்" என்று மட்டும் காதில் சொன்னாள். "சாயந்தரம் அண்ணன்கிட்ட நானே சொல்றேன். நீ வாயைத் திறக்காத."

அவள் கடைசி மாலையின் முடிச்சைப் போட்டுவிட்டு வேலைக்குத் திரும்பி ஓடினாள். அப்பா, சோர்ந்த மல்லிகையை மறைக்க நல்ல ரோஜா கொஞ்சம் கிடைக்குமா என்று பக்கத்துத் தெருக் கடைகளுக்குப் போனார். போகும்போது அம்மாவிடம், பெரியவரிடம் இந்தப் பூவை எப்படிக் கொடுப்பது, வாசமே செத்துப்போயிருக்கும் என்றார். எப்படித் தெரியும் என்று அம்மா கேட்கவில்லை. முகராமலே அவருக்குத் தெரியும். கொஞ்ச நேரத்தில் அம்மாவும் துளசி வாங்க எழுந்து போனாள். கூடையைப் பார்த்துக்கொள்ளும்படி என்னிடம் சொன்னாள்.

ஈரத் துணி போர்த்திய கூடையும் நானும் தனியாக இருந்தோம்.

பூவுக்கு வாசம் இல்லை. என் பையில் வாசம் இருந்தது, அதுவும் மல்லிகை வாசம். சாமிக்குப் போகிற பூவை யாரும் முகரப் போவதில்லை. ஆகவே யாருக்கும் தெரியப் போவதும் இல்லை. பத்து வயதில் இந்தக் கணக்கில் எனக்கு ஒரு குறையும் தென்படவில்லை. இன்னும் சொன்னால், அப்பாவுக்கு ஒரு பெரிய உதவி செய்கிறேன் என்ற பூரிப்பு இருந்தது. துணியை விலக்கி, குப்பியைக் கவிழ்த்துக் கவிழ்த்து, விரலால் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு மாலையிலும் வைத்தேன். மீதியை அப்படியே தெளித்துவிட்டேன். நனைந்த விரல்களைச் சட்டையின் ஓரத்தில் துடைத்தேன். காலிக் குப்பியைச் சாக்கடையில் போட்டேன்.

அப்பா ரோஜாவோடு திரும்பி வந்து துணியை விலக்கினார். ஒரு கணம் நின்றார்.

"யாரோ எலுமிச்சம்பழம் வெட்டுறாங்க" என்றார். பக்கத்தில் பழச்சாறு விற்கும் தண்ணீர்க் கடை ஒன்று இருந்தது நல்லதாயிற்று. பிறகு மாலையைத் தூக்கிப் பார்த்து, "தண்ணி தெளிச்சதுல பூ கொஞ்சம் தெளிஞ்சிருக்கு, பரவால்ல" என்று சொல்லிக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு கோயிலுக்கு நடந்தார். அவர் முகம் தெளிந்ததைப் பார்த்து என் நெஞ்சு நிறைந்தது.

கடைகளில் விளக்கு எரியத் தொடங்கி, கூட்டம் நெருக்கிக்கொண்டிருந்த நேரத்தில், மில் பெரியவரே வந்தார். கையில் பிளாஸ்டிக் பை. அத்தையும் அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கி, ஒரு அட்டைப்பெட்டி நிறையக் குவே பலகாரத்தோடு வந்து நின்றாள். பச்சையும் வெள்ளையுமாக அடுக்கிய பலகாரம். எனக்குப் பிடிக்கும்.

பெரியவர் கோபப்படவில்லை. பையை மேசைமேல் வைத்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"பூ கருத்துப்போச்சுங்க. அதுகூடப் பரவால்ல. தீபாராதனைக்குள்ள உள்ளே நிக்க முடியலைன்னு குருக்கள் சொல்றார். நைட் கிளப்புல நிக்கிற மாதிரி இருக்காம்."

குருக்களுக்கு நைட் கிளப் வாசம் எப்படித் தெரியும் என்று அம்மா முணுமுணுத்தாள். யாரும் சிரிக்கவில்லை. வேறு கடையில் மாலை வாங்கிச் சாத்திவிட்டோம் என்று சொல்லிவிட்டுப் பெரியவர் போனார். வேறு கடை என்ற சொல்லை அப்பா வாங்கிக்கொண்ட விதத்தை நான் பார்த்தேன். பையைத் திறந்தார். மல்லிகை எல்லாம் வெந்நீர் பட்டதைப் போல் பழுப்பு பழுப்பாகச் சுருண்டிருந்தது. சாராயம் பட்டால் இதழ் கருகும் என்பது என் கணக்கில் இல்லை. உள்ளிருந்து கனத்த ஒரு வாசம் எழுந்தது. எலுமிச்சை இல்லை, மல்லிகையும் இல்லை. சந்தனத்தோடு ஏதோ ஒரு மிருகம் சேர்ந்து படுத்திருந்த மாதிரி ஒரு வாசம். அப்படி ஒன்று அந்தக் குப்பிக்குள் இருந்தது என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

அப்பா மாலையை எடுத்து அத்தையிடம் நீட்டினார்.

"மோந்து பாரு."

எங்கள் கடையில் அந்தச் சொற்களை யாரும் சொன்னதில்லை. அத்தை பலகாரப் பெட்டியைக் கீழே வைத்தாள். மாலையை இரு கைகளாலும் வாங்கி, கண்ணை மூடி முகர்ந்தாள். பிறகு முகத்தைத் திருப்பித் தன் முழங்கையின் உட்புறத்தை முகர்ந்தாள். மறுபடியும் மாலையை முகர்ந்தாள். பேரங்காடிக்கு வருகிற எந்தத் திரவியத்தையும் அவள் இப்படித்தான் பார்த்திருப்பாள், அவசரமில்லாமல். நான் மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்ணைத் திறந்தவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"என் கைதாண்ணே" என்றாள். "மத்தியானம் குளிக்காமத் தொட்டுட்டேன்."

அப்பா கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திங்கட்கிழமையிலிருந்து போக வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பழுப்பேறிய மாலைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டார். பாஸ் என்று எனக்குச் சொன்ன செய்தியை அவள் அவரிடம் சொல்லவே இல்லை.

நான் தப்பித்துவிட்டேன் என்று நினைத்தேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது, அதைவிட மோசமாகவும் நினைத்தேன். இத்தனை நாள் கீற்று கீற்றாக முகர்ந்தும் அத்தையின் மூக்கு இவ்வளவுதானா என்று எனக்குள் ஓர் இளக்காரம். சோப்புப் போட்டு முழங்கை வரை தேய்த்த கையிலிருந்து இவ்வளவு வாசம் வராது என்று எனக்கே தெரிந்தது. பரீட்சையில் தேறியவளுக்குத் தெரியவில்லையே.

பஸ்ஸில் அத்தை என் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னலை முழுக்கத் திறந்துவிட்டாள். பலகாரப் பெட்டியை என் மடியில் வைத்து, சாப்பிடு என்றாள். நான் சாப்பிட்டேன். இரண்டு மூன்று சாப்பிட்டேன். முன் இருக்கையில் அப்பாவும் அம்மாவும் இருந்தார்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அத்தை என்னைக் குளியலறைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள்.

"சட்டையைக் கழட்டு."

"நாளைக்குப் பள்ளிக்கூடம் இல்ல அத்தை."

"கழட்டுடா."

அம்மா எட்டிப் பார்த்து, இந்நேரத்தில் என்ன துவைப்பு என்று கேட்டாள். பையன் கலர்த் தண்ணியைக் கொட்டிக்கொண்டான், கறை பிடித்துவிடும் என்றாள் அத்தை. பிறகு வெகுநேரம் குழாய் ஓடும் சத்தமும், பலகையில் துணி அடிக்கும் சத்தமும், மறுபடி குழாய்ச் சத்தமும் கேட்டன. அழுகையை மறைக்கத்தான் துவைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு தூங்கிவிட்டேன்.

நடந்தது இவ்வளவுதான். மாதங்கள் கழித்து, அம்மா விடாமல் பேசி, அதே பேரங்காடியில் வேறு பிரிவுக்கு என்றால் போகலாம் என்று அப்பாவை இறங்கிவர வைத்தாள். அத்தை பீங்கான் பாத்திரப் பிரிவில் சேர்ந்தாள். கல்யாணம் ஆகி, பிள்ளைகள் பிறந்து, ஓய்வு பெறும்வரை தட்டும் கோப்பையும்தான் விற்றாள். மில் பெரியவர் அடுத்த வருஷமே எங்களிடம் திரும்பிவிட்டார். அத்தைதான் திரும்பவில்லை, அதாவது அந்தக் கீழ்த்தளத்து வாசனைத் திரவியக் கண்ணாடிப் பெட்டிகளுக்கு. அப்பா கடைசிவரை தங்கையின் கையைத்தான் குற்றம் சொன்னார். நானும் அவரைத் திருத்தவில்லை. திருத்த எனக்கு எத்தனையோ தருணங்கள் இருந்தன. அவர் நல்ல மனநிலையில் இருக்கும்போது சொல்லலாம் என்று விட்டேன், உடம்புக்கு முடியாமல் போனபோது இப்போது எதற்கு என்று விட்டேன்.

தேசிய சேவைக்காக ராணுவத்தில் இருந்த நாள்களில், ஒரு விடுப்பில் அத்தையைப் பார்க்க அவள் பிரிவுக்குப் போனேன். ஒரு வாடிக்கையாளருக்காகத் தட்டின் விளிம்பை விரல் நகத்தால் தட்டிக் காதருகே வைத்துக் காட்டிக்கொண்டிருந்தாள். முதலில் வரும் ஒலி, நடுவில் நிற்கும் ஒலி, அடங்கும்போது மிஞ்சும் ஒலி என்று பிரித்துச் சொன்னாள். கடைசி ஒலி நீண்டால்தான் நல்ல பீங்கானாம். அந்த அம்மாள் ஆறு தட்டு வாங்கிப் போனார்.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"அத்தை, அன்னைக்கு பஸ்ஸுன்னு சொன்னீங்களே. கடைசி ஸ்டாப்புல இறங்குறது யாரு?"

அத்தை ஒரு தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எந்த பஸ் என்று கேட்கவில்லை.

"கஸ்தூரி, புனுகு, சந்தனம், அந்த மாதிரி. நம்ம சாமிக்குச் சாத்துறதுதான். அது லேசுல இறங்காதுடா. தோலுன்னா ஒரு நாள்ல போயிடும். துணியில பட்டா அவ்வளவுதான். எத்தனை தடவை அலசினாலும் இருக்கும்." தட்டைத் தூக்கி விளக்கில் பார்த்தாள். "நல்லாச் சாப்பிடுறியா லா அங்க? இளைச்சுட்ட."

அப்போதும் நான் சொல்லவில்லை. நல்லாச் சாப்பிடுறேன் அத்தை என்றேன். அத்தையும் இப்போது இல்லை. இனி யாரிடம் சொல்வது என்று தெரியாததால் எழுதி வைக்கிறேன்.

அந்தப் பூஜைக்கு மறுநாள், சனிக்கிழமைக் காலையில் எழுந்ததும் நான் சமையலறை ஜன்னலுக்குப் போனேன். வெளியே நீட்டியிருந்த மூங்கில் கழியில் என் வெள்ளைச் சட்டை மட்டும் தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் வேறு யாருடைய துணியும் துவைக்கப்படவில்லை. கழியை உள்ளே இழுத்து, காய்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன். பிறகு, பூவை முகராத வீட்டுப் பிள்ளை, சட்டையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தேன். சோப்பு வாசம் வந்தது. அதற்கு அடியில், வெகு மெலிதாக, இன்னொன்றும் இருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது. அத்தையின் கை வாசம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அந்தச் சட்டையையே மாட்டிக்கொண்டு கீழே பந்து விளையாடப் போனேன்.